குருதிப்புனல்: குற்றவாளியின் மனமும் நம் மனமும்

ஒரு நாவலை அது பிறந்த காலத்து அச்சிலேயே படிப்பதில் ஒரு தனிப்பயன் உண்டு. மறுபதிப்புகளில் நூல் மட்டுமே நம் கைக்கு வருகிறது. பழைய பிரதியிலோ நூலோடு அதன் காலமும் உடன் வருகிறது. காரீய எழுத்துகள் தாளின் மறுபுறத்தில் ஏற்படுத்திய புடைப்பும், பழுப்பேறிய ஓரங்களும், நமக்கு முன் அதைக் கையில் வைத்திருந்தவர் விட்டுச்சென்ற கோடுகளும் நம்மோடு பேசுகின்றன.

தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையைத் தில்லித் தமிழர் நன்கறிவர். 2019ஆம் ஆண்டில் அது நடைபாதையினின்று அகற்றப்பட்டு மகிளா ஹாட் திடலுக்கு மாற்றப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இந்திப் பாடநூல் குறிப்பேடுகளின் குவியலுக்கு அடியில் மேலட்டை இழந்த தமிழ் நாவல் ஒன்று நமக்குக் கிடைத்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அது. லை, னை, ணை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவோடு அச்சாகியிருந்தன. தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978ஆம் ஆண்டுக்கு முந்திய அச்சு என்பதற்கு அவ்வளைவே சான்று.

அப்பிரதியை முதலில் புரட்டியவள் எம் பெயர்த்தி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியொன்றில் புதிய எழுத்தில் தமிழ் பயின்றவளாதலால், அத்துதிக்கை எழுத்துகளின்முன் தடுமாறி நின்றாள். எழுத்தைச் சொல்லிக் கொடுத்தோம். பிறகு, "இது என்ன கதை, தாத்தா? துப்பறியும் கதையா?" என்று வினவினாள். "ஒரு குற்றத்தின் கதைதான், ஆனால் துப்பறியும் கதையன்று" என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம். அவளிடம் சொல்லாமல் விட்டதையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறோம்.

முன்னொரு வாசகர் பென்சிலால் இட்ட கோடுகள் பிரதியெங்கும் இருந்தன. கண்ணையா நாயுடு என்னும் பண்ணையாரின் உள்ளக் குறை வெளிப்படும் இடத்தில் மட்டும் கோடு நின்று, ஓரத்தில் பெரியதொரு கேள்விக்குறி இடப்பட்டிருந்தது. யாரோ ஒரு தில்லித் தமிழர் எழுப்பிய அக்கேள்வி நம்மையும் நெடுநாள் விட்டபாடில்லை.

துப்பறியும் கதையும் குற்ற மனக் கதையும்

தமிழில் குற்றக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வீடு அக்கதைகளைக் கொண்டுசேர்த்தனர். தேவனின் துப்பறியும் சாம்பு அவ்வகையை நகைச்சுவையாகவும் மாற்றிக் காட்டினான். இக்கதைகளின் உயிர்நாடி 'யார் செய்தது?' என்னும் ஒரே வினா. விடை தெரிந்த கணத்தில் கதை முடிந்துவிடும். வாசகர் நிம்மதியாக உறங்கப் போகலாம்.

குற்ற மனக் கதையின் வினா வேறு. செய்தவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏன் செய்தான் என்பதே தேடல். 1866ஆம் ஆண்டில் உருசிய இதழொன்றில் தொடராக வந்த தாஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' இவ்வகைக்குத் தலையூற்று. ஆறு பாகங்கள் கொண்ட அந்நாவலில் கொலை முதற்பாகத்தின் இறுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எஞ்சிய பாகங்கள் அனைத்தும் கொலையாளியின் மனத்துக்குள் நடக்கும் யாத்திரை. மதுரை பாத்திமாக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, ஓய்வுக்குப் பின் சில காலம் நம் தில்லியில் வாழ்ந்த எம்.ஏ. சுசீலா அவர்களின் மொழிபெயர்ப்பில் 2007ஆம் ஆண்டு முதல் அந்நாவலைத் தமிழிலேயே படிக்கும் பேறு நமக்குக் கிட்டியுள்ளது. 'குருதிப்புனல்' எத்தகைய நாவல் என்பதை உணர அதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும்.

வெண்மணியில் நடந்தது

நாவலின் பின்புலம் வரலாறாதலால் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடல் தகும். அன்றைய கீழத்தஞ்சையில், நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களுள் மிகுதி. தாக்குதலுக்கு அஞ்சி ராமையா என்பவரின் குடிசையில் ஒண்டியவர்கள் அவர்கள்.

பூசலின் வேர் அறுவடைக் கூலி. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் என்று ஊரார் இன்றும் சொல்வர். அரைப்படி நெல் ஒரு காரணம். செங்கொடிச் சங்கத்தை விட்டுவிட மறுத்தது இன்னொரு காரணம். அப்பகுதி நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை அமைத்திருந்தனர். அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1970ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் அவருள்ளிட்ட எண்மருக்குத் தண்டனை விதித்தது. 1973ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அதே நாளில் நிலவுடைமையாளர் தரப்பினர் ஒருவர் இறந்த வழக்கிலோ தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றுச் சிறை சென்றனர். கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நெருப்பு அணைந்தபின் அரசு விழித்துக்கொண்டதும் உண்மை. கணபதியா பிள்ளை ஆணையம் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்தது; 1969ஆம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நாற்பத்து நான்கு உயிர்களுக்குப் பின் கிடைத்த படியளவு அது.

நாவல்

இந்திரா பார்த்தசாரதி 1930ஆம் ஆண்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர், அங்கே தி. ஜானகிராமனிடம் பள்ளியில் பயின்றவர். பின்னர்த் தில்லிக்கு வந்து பல ஆண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 1965ஆம் ஆண்டில் கஸ்தூரி ரங்கன் தில்லியிலிருந்து 'கணையாழி'யைத் தொடங்கிய நாள்களில், க.நா.சு., தி.ஜா., ஆதவன், வெங்கட் சாமிநாதன் எனத் தலைநகரிலே தழைத்த தமிழ் எழுத்துச் சூழலில் முதன்மையான இடம் அவருக்கு உண்டு. 'தந்திர பூமி' முதலிய நாவல்களில் தில்லியின் அரசியல் தாழ்வாரங்களையும் படித்த நடுத்தர வர்க்கத்தின் போலிமையையும் எள்ளலோடு வரைந்தவர், 1975ஆம் ஆண்டில் தம் கண்ணைத் தஞ்சைக் கழனியின்பால் திருப்பினார். அதன் விளைவே 'குருதிப்புனல்'. 1977ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசை அது பெற்றது. க.நா.சு. அதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1983ஆம் ஆண்டில் ஸ்ரீதர் ராஜன் அதனைக் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்னும் திரைப்படமாக்கினார்.

கதையின் கட்டுக்கோப்பு எளியது. தில்லி வாழ்வை உதறிவிட்டுத் தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் வந்து தங்கிவிட்டவன் கோபால். அவனைத் தேடிக்கொண்டு தில்லியினின்று வருகிறான் நண்பன் சிவா. ஊரின் பெருநிலக்கிழார் கண்ணையா நாயுடு. தொழிலாளருக்கும் அவருக்கும் இடையே மூளும் பகையில், வேடிக்கை பார்க்க வந்த இருவரும் மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்படுகின்றனர். இறுதியில் குடிசைகள் எரிகின்றன.

இந்திரா பார்த்தசாரதியின் எழுத்து வருணனையைக் காட்டிலும் உரையாடலால் நடப்பது. வயலும் வாய்க்காலும் அவர் நாவலில் அதிகம் இல்லை. மனிதர் பேசுகிறார்கள், பேச்சுக்குள் தம்மை மறைத்துக்கொள்கிறார்கள், மறைப்பதாலேயே அகப்பட்டும் கொள்கிறார்கள். குற்ற மனத்தை ஆராய இதனினும் ஏற்ற கருவி வேறில்லை. தேநீர்க் கடையில் நடக்கும் பேச்சில் ஊரின் அச்சம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

கண்ணையா நாயுடு யார்? அதிகாரம் உடையவர், ஆனால் ஆண்மைக் குறை உடையவர். அக்குறை ஊரறிந்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தால், பெண்களை நாடுபவர் என்னும் பெயரைத் தாமே முயன்று வளர்த்துக்கொள்கிறார். இழிவான பெயரே தமக்குக் கவசம் என்றெண்ணி வாழும் மனிதர் அவர். கவசத்தை எவரேனும் தொட்டால் உள்ளிருக்கும் புண்ணே தொடப்பட்டதாகத் துடிக்கிறார். அடக்குவதிலும் அழிப்பதிலும் தம் ஆண்மையை மெய்ப்பிக்க முனைகிறார். பென்சில் கோடு நின்ற இடமும் இதுவே.

தீர்ப்பும் நாவலும்

இவ்விடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பை அறிவோம். கூலிக்காகவும் உரிமைக்காகவும் நடந்த வர்க்கப் போராட்டத்தை ஒரு தனிமனிதனின் படுக்கையறைக் குறையாகச் சுருக்கிவிட்டார் ஆசிரியர் என்று இடதுசாரித் திறனாய்வாளர் அன்றே குறை கூறினர். நெல்லின் கணக்கை ஃபிராய்டின் கணக்காக மாற்றலாமா என்பது அவர்தம் வினா. நியாயமான வினாதான். எனினும் அதற்கு விடை கூறுமுன், நாவல் எந்தச் சூழலில் எழுந்தது என்பதைக் கருதவேண்டும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பின் வாதப்போக்கு பலரும் அறிந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் நிலமும் செல்வமும் உடையவர்கள். முதற்குற்றவாளியாகக் காட்டப்பட்டவர் கார் வைத்திருப்பவர். இத்தகையோர் ஏவலாளர் எவருமின்றித் தாமே நடந்துசென்று குடிசைகளுக்குத் தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதாயில்லை என்பது அதன் சாரம். மைதிலி சிவராமன் அத்தீர்ப்பைக் கடுமையாக ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் ஆங்கில இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, கொலையாளிகளைக் கனவான்கள் என்று எள்ளும் தலைப்பு.

ஒன்றை இங்கே நோக்க வேண்டும். நீதிமன்றம் அங்கே சான்றுகளை மட்டும் எடைபோடவில்லை. மனித மனத்தைப் பற்றிய ஒரு கொள்கையையும் ஏற்றுக்கொண்டது. செல்வம் உடையவன் மனம் இத்தகையது, அவன் கால்கள் இவ்வளவு தூரம் நடவா, அவன் கை தீப்பந்தம் ஏந்தாது என்பதொரு மனத்தத்துவம். சொல்லப்போனால் அத்தீர்ப்பும் குற்ற மனத்தைப் பற்றிய ஒரு புனைவே. அப்புனைவு 1973இல் வந்தது. 'குருதிப்புனல்' 1975இல் வந்தது.

இவ்வரிசையில் வைத்துப் படிக்கும்போது நாவலின் நோக்கம் வேறு ஒளியில் துலங்குகிறது. கார் வைத்திருப்பவனுக்குள்ளும் நெருப்பு உண்டு என்கிறது நாவல். வெளியில் கௌரவம், உள்ளே கொதிப்பு. அக்கொதிப்பு அவனை எவ்வளவு தூரமும் நடக்கவைக்கும் என்கிறது. நீதிமன்றம் மூடிய கதவை நாவல் தட்டித் திறக்கிறது. இந்த அளவில் இந்திரா பார்த்தசாரதி உளவியலைக் கையாண்டது வர்க்க உண்மையினின்று தப்பி ஓடுவதற்காக அன்று. சட்டம் 'நம்ப முடியாது' என்று சொன்னதை நம்பச் செய்வதற்காகவே அவர் அதைக் கையாண்டார். அன்றைய திறனாய்வாளர் இதனைப் போதிய அளவு கருதவில்லை என்பது நம் எண்ணம்.

ஆயினும் ஒரு குறை

இவ்வளவு கூறியபின்னும் அந்தக் கேள்விக்குறி அழியவில்லை. ஏனெனில் நாவல் எந்தக் கதவைத் திறந்ததோ அதே கதவின் வழியே நீதிமன்றத்தின் வாதமும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

சற்றே நுணுகி நோக்குவோம். கண்ணையா நாயுடுவின் கொடுமைக்குக் காரணம் அவருடைய அசாதாரணக் குறை எனில், அக்குறை இல்லாத நிலக்கிழார் இதனைச் செய்யமாட்டார் என்பது தானே பெறப்படும். பிள்ளை குட்டிகளோடு நல்ல குடும்பம் நடத்தி, கோயில் திருவிழாவுக்கு வாரி வழங்கும் சாதாரண மிராசுதாரர் குற்றமற்றவராகிவிடுகிறார். வசதியுள்ள கனவான் செய்யமாட்டான் என்றது தீர்ப்பு. குறையற்ற கனவான் செய்யமாட்டான் என்று சொல்லாமற் சொல்கிறது நாவல். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுமளவு நெடியதன்று.

உண்மை வரலாறோ இதற்கு நேர்மாறானது. வெண்மணியில் இயங்கியது ஒரு மனம் அன்று, ஒரு சங்கம். அதற்குத் தலைவர் உண்டு, உறுப்பினர் உண்டு, முடிவுகள் உண்டு. வழக்கில் நிறுத்தப்பட்டோரே இருபத்து மூவர். அத்தனை பேருக்கும் ஒரே அந்தரங்க நோய் இருந்திருக்க முடியாது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை நிலமும், சாதிப் பெருமிதமும், கேட்கத் துணிந்தவன்மீது கொண்ட சினமுமே. இவை நோய்கள் என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார்; நாள்தோறும் நாம் காணும் சாதாரணக் குணங்கள் இவை. சாதாரண மனம் எப்படிக் கொலை மனமாகிறது என்பதே வெண்மணி எழுப்பும் கடினமான உளவியல் வினா. நாவல் அதனினும் எளிய வினாவை எடுத்துக்கொண்டது.

இங்கே தாஸ்தயெவ்ஸ்கியோடு ஒப்பீடு உதவுகிறது. ரஸ்கோல்னிகோவ் ஏன் கொன்றான்? வறுமையாலா, தாய்க்கும் தங்கைக்கும் உதவவா, அசாதாரண மனிதர்க்குச் சட்டம் இல்லை என்னும் கொள்கையாலா, நெப்போலியன் ஆகும் கனவாலா? சோனியாவிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதியில் அவனே காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தள்ளியும் விடுகிறான். எந்த ஒரு சாவியாலும் அப்பூட்டு திறப்பதில்லை. திறவாமையே அந்நாவலின் ஆழம். கண்ணையா நாயுடுவின் மனத்துக்கோ ஒரே ஒரு சாவி. அது மிக எளிதாகத் திருகுகிறது. திறந்தபின் அறையில் வேறொன்றும் இல்லை. வாசகருக்கு அச்சத்துக்குப் பதிலாக விளக்கம் கிடைத்துவிடுகிறது. விளக்கம் கிடைத்தால் துப்பறியும் கதை முடிந்தாற்போன்ற நிம்மதியும் கூடவே வந்துவிடும்.

இன்னொரு வேற்றுமையும் கருதத்தக்கது. தாஸ்தயெவ்ஸ்கியின் கதையில் கொலையுண்டவர் இருவர்: வட்டிக்காரக் கிழவியும், எதிர்பாராமல் வந்து அகப்பட்ட அவள் தங்கை லிசாவெத்தாவும். லிசாவெத்தா பேசும் சொற்கள் மிகச் சில. ஆனால் அவள் இறந்தபின்னும் கதையை விட்டு நீங்குவதில்லை. கொலையாளிக்குச் சோனியா படித்துக் காட்டும் விவிலிய நூலே லிசாவெத்தா கொடுத்ததுதான் என்று அறியும்போது நாம் திடுக்கிடுகிறோம். செத்தவள் கொன்றவனைத் தேடி வந்துவிட்டாள். 'குருதிப்புன'லில் மாண்டவர் திரும்பி வருவதில்லை. நூலை மூடியபின் கோபாலின் குரல் காதில் ஒலிக்கிறது, சிவாவின் ஐயம் ஒலிக்கிறது, நாயுடுவின் சினமும் ஒலிக்கிறது. எரிந்தவருள் ஒரு பெண்ணின் மனமோ ஒரு முதியவரின் மனமோ அவ்வாறு நம்மைத் தொடர்வதில்லை. கொன்றவனுக்கு உளவியல், மாண்டவர்க்கு எண்ணிக்கை என்றாகிவிட்டது.

இக்குறையைப் பின்வந்த எழுத்துகள் ஓரளவு நிறைவு செய்தன. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) கீழத்தஞ்சை உழைப்பாளரின் பேச்சையும் வாழ்வையும் உள்ளிருந்து காட்ட முனைந்தது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005) என்னும் ஆவணப்படம் உயிர்தப்பியோரையே பேசவைத்தது. மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்சி காடெஸ்' (2014) இக்கதையை நாவலாகச் சொல்லல் தகுமோ என்னும் ஐயத்தையே நாவலாக்கியது. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னே, வழக்கின் சூடு ஆறுமுன், முதலடி எடுத்து வைத்த துணிவு 'குருதிப்புன'லுக்கே உரியது. முதலில் நடந்தவன் காலில் முள் தைத்ததைச் சொல்லும்போது, பாதை அவனால் உண்டானதென்பதை மறத்தல் ஆகாது.

தில்லி இளைஞர் இருவர்

நாவலில் நம்மை மிகவும் கவர்ந்த உளவியல் நாயுடுவுடையது அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபாலும் சிவாவுமே நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு. ஆசிரியர் அவர்களை நன்கறிவார். தில்லியின் விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் அவர்களோடு பேசியிருப்பார். நல்லெண்ணம் உடையவர்கள், நிறையப் படித்தவர்கள், படித்ததனாலேயே செயலுக்கு முன் தயங்குபவர்கள். ஊருக்குள் அவர்கள் வரும்போது அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. வேண்டுமானால் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். ஊராருக்கு அந்த ரயில் இல்லை. நகரத்து மனச்சாட்சிக்கும் ஊராரின் உயிருக்கும் இடையிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வை ஆசிரியர் மறைக்கவில்லை. தம் வர்க்கத்தைத் தாமே கூண்டில் ஏற்றும் நேர்மை அது. தாம் நன்கறிந்த மனத்தை எழுதும்போது அவர் எழுத்தில் ஒற்றைச் சாவி இல்லை. ஐயமும் முரணும் பின்னிக் கிடக்கின்றன. அறியாத மனத்தை எழுதும்போதுதான் கோட்பாடு துணைக்கு வந்துவிடுகிறது.

நூற்பெயரும் ஈண்டு நினைக்கத்தக்கது. குருதிப்புனல் என்பது நம் பழம்போர்க்களப் பாடல்களின் காற்று வீசும் சொல். அங்கே இருபுறமும் வாள் உண்டு. வென்றவனும் தோற்றவனும் வீரர். வெண்மணியில் ஒருபுறமே ஆயுதம். மறுபுறம் குடிசைக்குள் குழந்தைகள். வீரச் சொல்லை அவ்விடத்தில் வைத்தபோது அச்சொல்லே நாணித் தலைகுனிவதை உணர்கிறோம். குருதி குருதியையே அழைக்கும் என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியுள்ளது. நாவல் வந்து ஐந்தாண்டுகளில், 1980இல், அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று.

நம் மனம்

இனி, ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. நாம் தஞ்சைக் கழனியில் பிறந்தவர்கள். இம்மலரைப் படிக்கும் தில்லித் தமிழ்க் குடும்பங்களுள் பல, குத்தகை நெல் வீட்டுக்கு வந்த நாள்களை நினைவில் வைத்திருப்பவை. வெண்மணிச் செய்தி வந்தபோது நமக்கு வயது பன்னிரண்டு. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்றும் நினைவில் உள்ளது. அவர்கள் தீயவர் அல்லர். அன்றிரவு வீட்டில் ஒருவரும் நன்றாக உண்ணவுமில்லை. ஆயினும் அவர்கள் ஒருமுகமாகச் சொன்னது, நம்மூர்ப் பக்கத்துப் பெரிய மனிதர் இப்படிச் செய்திருக்கமாட்டார், வெளியாள் எவனோ செய்திருப்பான் என்பதே. நாமும் அதையே நம்பினோம். நம்புவது சுகமாக இருந்தது.

ஐந்தாண்டுகளுக்குப் பின் தீர்ப்பின் வாதத்தைச் செய்தித்தாளில் படித்தபோது அது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. நம் திண்ணையில் கேட்ட வாதமே அது. நீதிமன்றம் சட்ட நடையில் சொன்னது. நம் வீட்டார் பேச்சு நடையில் சொன்னார்கள்.

அப்போதுதான் பென்சில் கேள்விக்குறியின் பொருள் நமக்கு ஒருவாறு விளங்கியது. 'இதுதானா காரணம்?' என்று அவ்வாசகர் கேட்டிருக்கலாம். இவ்வொன்று மட்டும் காரணமாக இருந்திருந்தால் நம் திண்ணை தப்பித்திருக்கும். நம் வீட்டில் அக்குறை உடையவர் எவருமில்லை. ஆகவே நமக்கும் அந்நெருப்புக்கும் தொடர்பில்லை என்று நூலை மூடிவைத்திருக்கலாம். கூட்டிக் கேட்ட அரைப்படியைத் திமிர் என்று பெயரிட்டவர்கள் நம் வீட்டிலும் இருந்தார்கள் என்பதை அப்பெயரிடலே நமக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். குற்றவாளியின் மனத்தை நம்மினும் முற்றிலும் வேறானதாகக் காட்டும் நாவல் நமக்கு உறக்கம் தருகிறது. நம் மனத்தின் அடுத்த அறையில் அவனைக் காட்டும் நாவலே நம்மை எழுப்புகிறது. 'குருதிப்புனல்' பாதி வழி நம்மை எழுப்பியது. மீதி வழியை நாமே நடக்க வேண்டும்.

இந்நூலைத் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் மீண்டும் படிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஊரை விட்டு வந்த நமக்கு ஊர் என்றால் காவிரியும் கோயில் மணியும் காப்பி மணமும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்நினைவு பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அதே ஊரினின்று புறப்பட்டு வர ரயில் கட்டணமும் சான்றிதழும் இல்லாதவர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள் என்பதையும் நம் பிள்ளைகள் அறிதல் நன்று. தமிழெழுத்தைக் கற்பிக்கும் நாம் தமிழகத்தின் கதையையும் கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள்.

எம் பெயர்த்தி இப்போது துதிக்கை எழுத்துகளைத் தடையின்றிப் படிக்கிறாள். அப்பழைய பிரதியை அவளிடமே கொடுத்துவிட்டோம். படித்து முடித்தபின், "தாத்தா, அந்த ஊர் நம் ஊருக்குப் பக்கமா?" என்று கேட்டாள். பக்கந்தான் என்றோம். பென்சில் கேள்விக்குறியை அழித்துவிடாதே என்றும் சொல்லி வைத்திருக்கிறோம்.